துரைத்தோட்டத்து ஏரியின் நடுவில்

மச்சான்,

அடையாறு பொங்கிப் பட்டணத்துக்குள் தண்ணீர் புகுந்ததே, அந்தக் கார்த்திகைக்கு அடுத்து வந்த தை. எமர்ஜென்சி இன்னும் எடுக்கவில்லை. நாம் துரைத்தோட்டத்துக்குப் போய்விட்டு வந்த ரெண்டாம் நாள் டீக்கடை ரேடியோவில் எலெக்ஷன் வரப்போகிறது என்று சொன்னார்கள், கடைக்காரர் வடை எடுத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். கல்பாக்கத்தில் அணு உலைக்கு உருண்டைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். எண்ணில் எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை எழுதுகிறாள். அவள் யோசித்து எழுபத்தேழு என்கிறாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இத்தனை காலம் கழித்து அந்த நாள் எதற்கு இப்போது என்று நீ கேட்பாய். நேற்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் போட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்த்திவிட்டுப் போய்விட்டார்கள். இன்னொரு கண் ஏற்கெனவே மங்கல். வெளிச்சம் இருக்கிறது, ஆள் இல்லை. அப்போது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஆள் தெரிவதற்கு முன்னால் வாசனை வந்தது. நாகலிங்கப் பூ. இனிப்பும் காரமும் கலந்து மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமே, அந்த வாசனை. "பூவாம்மா கையில?" என்று கேட்டேன். "ஆமா தாத்தா, கோயில்ல குடுத்தாங்க" என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஒரு தரம் கொடுத்து வாங்கிக்கொள் என்று கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பூவை நான் முதல் முதலாகப் பார்த்தது உன்னோடுதான். துரைத்தோட்டத்துக் கேட்டைத் தாண்டி உள்ளே போனவுடன்.

அந்தக் கார்த்திகையிலிருந்து உன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மழையோடு வந்த காற்றில், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் பெண்டாட்டியின் தம்பி கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் போன கட்டுமரம் மட்டும் வந்து கரையில் ஒதுங்கியது. காரியம் முடிந்த கையோடு அவள் நெம்மேலியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று குப்பத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னதை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

"கடலுக்குப் போறவனுக்குப் பொண்டாட்டியா இருக்க என்னால ஆவாது. கரைமேல ஒரு வேல பார்த்துகினு வந்து கூப்பிடு. அதுவரிக்கும் அந்தப் பக்கம் வராத."

நீ நெம்மேலிக்குப் போனாய். போன மாதிரியே திரும்பி வந்தாய். மறுபடியும் போனாய். மரத்தில் நானும் நீயும்தானே ஜோடி, வலையை இழுக்கும்போது பாட்டு கிடையாது, கேலி கிடையாது. மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒரே முகம்.

அப்போதுதான் தேவசகாயம் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். துரைத்தோட்டத்துக் காவல்காரர். பங்களாவுக்கு வஞ்சிரம் வாங்க சைக்கிளில் நம் சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்கு வருவார், கூடையை இறக்கி வைத்துவிட்டு ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுத்தான் போவார். தோட்டத்துக்குள் இருக்கிற ஏரியில் ஒரு படகு உண்டு, அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் கல்பாக்கத்தில் கான்கிரீட் வேலைக்குப் போய்விட்டான் என்றார்.

"போட்டு ஓட்ட ஆள் இல்லாம பெரியம்மா பேஜாராக் கீறாங்க. உள்ளாறயே வூடு. மாசமானா சம்பளம். உனக்கு இன்னாய்யா, கடல்லயே போறவன். காணும் பொங்கலன்னிக்கி வா. அன்னிக்கி ஒரு நாள்தான் ஊரு ஜனத்துக்குக் கேட்டு தொறப்பாங்க. சாயந்திரமா பெரியம்மா படித்துறையில வந்து உக்காருவாங்க. ஓட்டிக் காட்டு, முடிஞ்சிபோச்சு."

அவர் சைக்கிள் மறைந்ததும் நான் கேட்டேன், "நீ போயிட்டா எங்கூட மரத்துல எவன் வருவான்?"

"வேற ஆளைப் பாரு மச்சான். எனக்கு வேற பொண்டாட்டி பார்க்க முடியாது" என்றாய்.

காணும் பொங்கலன்று உலகமே மாமல்லபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மாட்டு வண்டி, வேன், சைக்கிளில் மூன்று பேர், எல்லாம் கடலைப் பார்த்து. நாம் ரெண்டு பேர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸில் போனோம். திருக்கழுக்குன்றத்தில் தங்கச்சி வந்து ஏறிக்கொண்டாள். நீ தேவசகாயத்திடம் சொல்லி அனுப்பியிருந்தாய், வேலையையும் வீட்டையும் அவள் கண்ணால் பார்க்கட்டும் என்று. அவள் உன் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து, "அண்ணாத்த, உங்க மச்சானைச் சட்டைக்கி மேல் பொத்தானைப் போடச் சொல்லுங்க. வேல கேக்கப் போறாரா, வலை இழுக்கப் போறாரா?" என்றாள். நீ பொத்தானைப் போட்டுக்கொண்டாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

கேட்டில் கூட்டம். கரும்பு, சுண்டல், பலூன். உள்ளே விட்டும் பாதிப் பேர் கேட்டருகிலேயே ஜமுக்காளம் விரித்துவிட்டார்கள். தேவசகாயம் காக்கிச் சட்டை போட்டு, அன்றைக்கு மட்டும் தலைப்பாகையும் கட்டியிருந்தார். நம்மைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "பாதை நெறைய கீது, பார்த்துப் போங்க. படித்துறை பங்களாவுக்குப் பின்னால. வெயில் சாயறதுக்குள்ள வந்துடுங்க. பனி எறங்கிச்சின்னா பெரியம்மா எழுந்து உள்ள போயிடுவாங்க. அப்புறம் அடுத்த காணும் பொங்கல்தான்."

வெயில் சாய இன்னும் நேரம் இருந்தது. அதனால்தான் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம்.

நாகலிங்க மரத்தைப் பார்த்து நீ நின்ற நிற்பு இப்போதும் தெரிகிறது. பூ கிளையில் இல்லாமல் அடிமரத்தில் முளைத்துத் தொங்குகிறது, பக்கத்திலேயே பீரங்கிக் குண்டு மாதிரி காய். "மேல இடம் இல்லன்னு கீழ பூத்துகிச்சா?" என்று கேட்டாய். நான் மூக்கில் வைத்துப் பார்த்து உனக்குக் கொடுத்தேன். நீ அதைப் பின்னால் நீட்டினாய். தங்கச்சி உன் கையிலிருந்து வாங்காமல், கீழே கிடந்த வேறொன்றைக் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு துரை கட்டிய இடம். அப்புறம் பெரியம்மாவின் பட்டணத்துக் குடும்பம் வாங்கியது. பாதைக்கு ரெண்டு பக்கமும் செங்கல்லைச் சாய்த்துப் பல் மாதிரி புதைத்திருந்தார்கள். கண்ணாடியால் ஒரு வீடு, அதற்குள் ஆள் இல்லை, பெரணிச் செடி மட்டும். மேட்டில் ஒரு வட்ட மண்டபம், சாமி இல்லை, உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பதற்கு மட்டும் கட்டியது. நாம் அதில் உட்கார்ந்து பார்த்தோம். அந்த வருஷ மழையில் ஏரி கரை தொட்டு நின்றது. நடுவில் ஒரு திட்டு, கருவேல மரம் முழுக்க நத்தைகொத்தி நாரை. அலை இல்லை. நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது தூங்கிகினு கீதா, செத்துப்போச்சா?" என்று கேட்டாய். எனக்கும் அதே சந்தேகம்தான். சத்தமில்லாத தண்ணீரை அவ்வளவு பெரிதாக நாம் பார்த்ததில்லை.

அதற்கப்பால் ஒரு கல் மேடை. நாலு பக்கம் சங்கிலி, தலைமாட்டில் எழுத்து வெட்டின பலகைக் கல். துரையம்மா சமாதியாக இருக்கும் என்று நினைத்தேன். புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கேட்டால், "அது துரையோட குதிரை" என்றாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். தங்கச்சி சிரிக்கவில்லை. சங்கிலிக்கு வெளியே நின்று அந்தக் கல்லையே பார்த்தாள். எழுத்து தெரிந்து படிக்கிற மாதிரி பார்த்தாள், அவளுக்கும் எழுத்து தெரியாது. கையில் வைத்திருந்த பூவை அதன் மேல் வைத்தாள். அவள் தம்பிக்கு வைக்க ஒரு இடம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ அவள் பக்கத்தில் போக ஒரு அடி வைத்தாய். அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

வெயில் மஞ்சளாக மாறியது. படித்துறைக்குத் திரும்ப வேண்டும். கேட்டிலிருந்து வந்த பாதை எது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. நீ சாதாரணமாகச் சொன்னாய், "இதுல இன்னா? தண்ணிக்கு முதுகைக் காட்டிகினு நட. ரோட்டுக்குப் போயிடலாம். ரோட்டுலேர்ந்து கேட்டு, கேட்டுலேர்ந்து பங்களா."

நான் உடனே தலையாட்டினேன். நம் ஊரில் அதைச் சின்னப் பிள்ளைகூடக் கேள்வி கேட்காது. கடல் ஒரே பக்கம். அதற்கு முதுகைக் காட்டினால் வீடு, அப்புறம் தோப்பு, அப்புறம் ரோடு. இருட்டில், மழையில், குடித்துவிட்டு, எப்படி நடந்தாலும் அது தப்பாது. நடந்தோம். மாமரங்களுக்குள் நுழைந்து, மூங்கில் புதரைத் தாண்டினால் எதிரே தண்ணீர்.

"இது வேற ஏரியா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கும்" என்று சொல்லி அதற்கும் முதுகைக் காட்டி நடந்தாய். வேறு பாதை, வேறு மரங்கள், மறுபடி தண்ணீர். நாரைகள் அதே திட்டில் உட்கார்ந்து நம்மைப் பார்த்தன. தோட்டம் ஏரிக்குள் ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, மூன்று பக்கமும் அதே தண்ணீர்தான் என்று நமக்கு யார் சொன்னார்கள்? மூன்றாவது முறை தண்ணீர் எதிரே வந்து நின்றபோது தங்கச்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அன்றைக்கு அவளிடமிருந்து வந்த முதல் சிரிப்பு.

"அண்ணாத்த, கடல்ல இவரு எப்டி வூடு வந்து சேர்ந்தாரு இத்தினி வருசம்?"

"கடல் ஒழுங்கா ஒரு எடத்துல கீது. இது எங்க பார்த்தாலும் வந்து குறுக்க நிக்குது" என்று நீ கத்தினாய். தண்ணீருக்கு அந்தப் பக்கம் படித்துறை தெரிந்தது. நாற்காலியில் வெள்ளைப் புடவை. பெரியம்மா வந்துவிட்டார். கண்ணுக்குத் தெரிகிறது, கால் போக வழியில்லை. உன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. புல் அறுக்கிற அதே பெண் எங்கிருந்தோ வந்து, "தண்ணியைப் பார்த்து நடக்காதீங்கய்யா, செங்கல்லைப் பார்த்து நடங்க" என்று கையைக் காட்டிவிட்டாள். நாம் கிட்டத்தட்ட ஓடினோம்.

பெரியம்மா எழுந்திருக்கிற நேரம். கைத்தடி கையில் வந்துவிட்டது. தேவசகாயம் பல்லைக் கடித்துக்கொண்டு நம்மை முன்னால் தள்ளினார்.

"கடலுக்குப் போறவரா?" என்று பெரியம்மா உன்னைக் கேட்டார். "அப்ப ஏரி உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. இவங்க உங்க மனைவியா? அவங்களையும் ஏத்திக்குங்க. எங்க வீட்டுப் பொண்ணுங்களும் மருமகள்களும் லீவுக்கு வந்தா போறதுக்குத்தான் படகு. பொம்பளையை வச்சு எப்படி ஓட்டறீங்கன்னு நான் பாக்கணும்."

நாம் ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீ மெதுவாகச் சொன்னாய், "பொம்பளைங்க ஏறக்கூடாதும்மா."

"ஏன்?"

நம் பக்கத்தில் பெண்கள் மரத்தில் ஏறமாட்டார்கள். கரையில் காய்கிற மரத்தைக்கூடத் தாண்டமாட்டார்கள், சுற்றிக்கொண்டு போவார்கள். தங்கச்சி கடலுக்குப் போனவனின் மகள், கடலுக்குப் போனவனின் அக்காள், கடலுக்குப் போகிறவனின் பெண்டாட்டி. அவள் கால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நனைந்ததில்லை. நீச்சல் தெரியாது. ஏன் என்று என்னை அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

தங்கச்சிதான் பேசினாள். "அது மரத்துக்கு. இது பொட்டி மாதிரி கீது. இதுல ஏறினா இன்னா ஆவும்?" சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். கால் வைக்கும்போது படகு ஆடியது. நீ கையை நீட்டினாய். கார்த்திகைக்கு அப்புறம் முதல் முறையாக அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வேறு வழியில்லை, விழுந்திருப்பாள்.

பச்சை வர்ணம் அடித்த பலகைப் படகு. ரெண்டு பக்கமும் இரும்பு வளையம், அதில் மாட்டின நீளத் துடுப்பு. நீ ஒன்றை வளையத்திலிருந்து உருவி எடுத்து, முன்னால் மண்டி போட்டு, மரத்தில் போடுகிற மாதிரி போட்டாய். படகு இருந்த இடத்திலேயே ஒரு வட்டம் அடித்தது.

"ரெண்டையும் மாட்டுய்யா! மாட்டிகினு இந்தப் பக்கம் திரும்பி உக்காரு! போற பக்கத்துக்கு முதுகு!" என்று தேவசகாயம் கத்தினார்.

"போற பக்கத்துக்கு முதுகா?"

"ஆமாய்யா. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

நீ திரும்பி உட்கார்ந்தாய். ஒரு இழுப்பு, ஒரு தரம் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாய். மறுபடி ஒரு இழுப்பு, மறுபடி பார்ப்பாய். பார்க்கிற பக்கமே படகு சாய்ந்து போனது. உன் மேல் தப்பில்லை. வருகிற அலையைப் பார்க்காமல் போகிறவன் நம் கடலில் ரெண்டாவது நாள் இல்லை. அந்தக் கழுத்தை எப்படி அடக்குவது? பாம்பு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போய் ஏரி நடுவில் திட்டுக்குப் பக்கத்துக் கோரைக்குள் படகு குறுக்காகத் திரும்பி முட்டி நின்றது. நாரையெல்லாம் எழும்பியது. பெரியம்மா கைத்தடி மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். வேலை போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை அன்றைக்கே பஸ்ஸில் உன்னிடம் சொல்லிவிட்டேன், நீ என் முதுகில் ஒன்று வைத்தாய்.

ஆனால் நீங்கள் உடனே திரும்பவில்லை.

கோரைக்குள் நின்ற படகில் அவளும் நீயும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தீர்கள். துடுப்புக்காரன் முகத்துக்கு நேரேதான் ஏறினவர்கள் உட்கார வேண்டும், அந்தப் படகின் அமைப்பு அப்படி. அவள் உன்னைப் பார்க்காமல் இருக்க வழியே இல்லை. அவள் வாய் அசைந்தது. காற்று கரையிலிருந்து அடித்ததால் ஒரு எழுத்துகூட எனக்கு வரவில்லை. அவள் நீளமாகப் பேசினாள். நீ ஏதோ சொன்னாய். அவள் கையை நீட்டிக் கரையைக் காட்டினாள், நாங்கள் நிற்கிற பக்கம். நீயும் திரும்பி எங்களைப் பார்த்தாய். அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் கரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஏதோ இல்லாத பொருளைப் பார்க்கிற மாதிரி. நான் கையை ஆட்டினேன். யாரும் திருப்பி ஆட்டவில்லை. அவள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

"என்ன பண்றாங்க?" என்று பெரியம்மா கேட்டார்.

"பேசிகினு கீறாங்கம்மா" என்றேன். "ரொம்ப நாளா பேசல."

பெரியம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நீ எழுந்து நின்றாய். தேவசகாயம் "உக்காருய்யா, கவுந்துடும்" என்று அலறினார். நீ கடலில் நிற்கிறவன், உனக்கென்ன. அவளைப் பிடித்து எழுப்பி இடம் மாற்றினாய். அவள் துடுப்பு வளையத்துக்கு நடுவில் உட்கார்ந்தாள், நீ அவளுக்கு எதிரே. முதல் இழுப்பில் துடுப்பு தண்ணீரைத் தொடாமல் மேலே போய் அவள் பின்னால் சாய்ந்தாள். ரெண்டாவதில் உன் சட்டை முழுக்கத் தண்ணீர். அப்புறம் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கமே இல்லை. எந்த அலையையும் அவள் கழுத்து தேடவில்லை. நீ முன்னால் பார்த்து இடது கையைத் தூக்கினால் ஒரு பக்கம் இழுத்தாள், வலது கையைத் தூக்கினால் மறுபக்கம். உன் கையை மட்டும்தான் பார்த்தாள். படகு நூல் பிடித்த மாதிரி படித்துறைக்கு வந்து சேர்ந்தது.

பெரியம்மா கேட்டார், "இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கியாம்மா?"

"தண்ணிமேல ஏறினதே இப்பத்தாம்மா."

"அப்ப எப்படி வந்துச்சு?"

"கண்ணு இவருது. கையி என்னுது. அவ்ளோதான்."

பெரியம்மா கொஞ்ச நேரம் தடியால் படியைத் தட்டிக்கொண்டிருந்தார். "எங்க பொண்ணுங்க எதிர்ல ஒரு ஆம்பளை உக்காந்து ஓட்டறதைவிட இது நல்லது" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "நீ வரியாம்மா?"

நீ வாயைத் திறந்தாய். நானும் திறந்தேன். தங்கச்சி முந்திக்கொண்டாள். "நான் வரேம்மா. இவரு கடலுக்குப் போவாரு. வூடு எங்களுக்குக் குடுப்பீங்கதானே?"

திரும்புகிற பஸ்ஸில் நான் அடக்கமுடியாமல் கேட்டேன். "ஏன் தங்கச்சி, கடலுக்குப் போறவன் வேணான்னு குப்பத்துக்கே கேக்கறமாதிரி சொன்னியே?"

"சொன்னேன். இப்ப போவட்டும்னு சொல்றேன். அன்னிக்கிப் பேசினதும் என் வாய்தான், இதுவும் என் வாய்தான்" என்றாள். நெம்மேலிக்கு மாறிப் போகவேண்டிய இடத்தில் அவள் இறங்கவில்லை. உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குப்பத்துக்கே வந்தாள்.

அப்புறம் அந்தத் தோட்டத்தில் பங்களாவுக்குப் பின்னால் ஓட்டு வீடு. நீ விடியுமுன் சைக்கிளில் குப்பத்துக்கு வருவாய், நாம் மரம் இறக்குவோம், மதியம் மீனோடு திரும்பிப் போவாய். ஆம்பளை கடலில், பொம்பளை ஏரியில் என்று குப்பத்தில் எத்தனை கேலி! "இன்னாண்ணாத்த, உம் பொண்டாட்டிக்கு வலை பின்னிக் குடுத்துட்டியா?" என்பார்கள். நீ, "அவளுக்கு மாசச் சம்பளம்டா, உம் பொண்டாட்டிக்கு இன்னாடா?" என்பாய்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் நானும் உன்கூட மீன் கொடுக்க வந்திருந்தேன். மத்தியானம் திடீரென்று வானம் கறுத்து, புழுதிக் காற்று. பெரியம்மாவின் மகள்களோடு தங்கச்சி திட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். கடலில் அதைவிடப் பத்து மடங்கு காற்றில் நீ பீடி பற்றவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் படித்துறையில் நீ நின்ற மாதிரி உன்னை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. படியிறங்குகிறாய், ஏறுகிறாய், தண்ணீரில் இறங்கி இடுப்பு வரைக்கும் போய்விட்டு வருகிறாய். "அவளுக்கு நீச்சல் தெரியாது மச்சான், நீச்சல் தெரியாது" என்று அதையே சொன்னாய். திட்டைச் சுற்றிப் படகின் பச்சை தெரிந்தபோது படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். "கரையில நிக்கறது இவ்ளோ பேஜாரா?" என்று கேட்டாய். நானும் எப்போதும் உன்கூடத் தண்ணீரில் இருந்தவன்தானே. அதற்கப்புறம் மேகம் ஒரு கை அகலத்துக்குக் கறுத்தாலும், வலையில் மீன் இருந்தாலும், "திருப்பு" என்பாய். நான் திட்டுவேன். திருப்புவாய்.

அந்தக் காணும் பொங்கல் கழிந்து எத்தனையோ தடவை உன்னைக் கேட்டேன். வலை காயும்போது கேட்டேன், உன் மகள் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஏரி நடுவில் என்ன பேசினீர்கள்? கரையைக் காட்டி அவள் என்ன சொன்னாள்? போகாதே என்று போனவள் போகட்டும் என்று எப்படித் திரும்பினாள்? ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "தண்ணிமேல பேசினதைக் கரையில பேசறதில்ல மச்சான்." சரி, தண்ணீர்மேல்தான் பேசவேண்டுமோ என்று நடுக்கடலில் வைத்துக் கேட்டேன். "இது வேற தண்ணி" என்று சொல்லிச் சிரித்தாய்.

நானே பலவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் தம்பி கடைசியாகப் பார்த்ததும் இப்படி ஒரு கரையைத்தான் என்று சொல்லியிருப்பாளோ. கரையில் நிற்கிறவர்கள் தண்ணீரிலிருந்து பார்த்தால் இவ்வளவு சின்னதா என்று கேட்டிருப்பாளோ. உன்னால் இந்த ஏரியில் இருக்கமுடியாது என்பதை உன் கழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாளோ. நீ என்ன பதில் சொன்னாய்? நீ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுகிற ஆளும் இல்லையே. எதை நினைத்தாலும் அடுத்த நாள் அது சரியில்லை என்று படும். ஒரு ஆளின் மனசு மாறுவதைக் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அது எனக்குள் கோரையில் முட்டின படகு மாதிரியே நிற்கிறது.

போன வருஷம் மகன் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். இப்போது அது ரிசார்ட்டு. பாதையெல்லாம் சிமெண்டு, திரும்புகிற இடமெல்லாம் அம்புக்குறி, யாரும் வழி தப்ப முடியாது. ஏரியில் அன்னப்பறவை மாதிரி படகு. காலால் மிதிக்கிறார்கள், எல்லாரும் போகிற பக்கம் பார்த்துத்தான் உட்காருகிறார்கள். அன்றைக்கு இது இருந்திருந்தால் உனக்கு வேலை நிச்சயம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். மகன் யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டான்.

பெரியம்மா எப்போதோ போய்விட்டார். தேவசகாயம் அவருக்கு முன்னாலேயே. புல் அறுத்த பெண் பெயர்கூட நமக்குத் தெரியாது, அவளும் என்னைவிடப் பெரியவள். நீ போன மழைக்கு முந்தின மழையில், கடலிலும் இல்லாமல் ஏரியிலும் இல்லாமல், உன் பாயில் படுத்தபடி மூச்சு விட்டாய். உன் தலைமாட்டில் அன்றைக்கும் நான் உட்கார்ந்திருந்தேன். கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

கண் கட்டு நாளை மறுநாள் பிரிப்பார்களாம். பிரித்ததும் நெம்மேலிக்குப் போய், அங்கே இருக்கிற தங்கச்சியிடம் கூச்சத்தை விட்டுவிட்டு நேராகக் கேட்டுவிடலாமா என்றிருக்கிறது. அவளும் சொல்லமாட்டாளோ என்னவோ. அந்தக் கரையில் நின்ற நான் இருந்து பயனில்லை, எனக்குக் கேட்கவில்லை. அந்தப் படகில் இருந்தவர்களில் மிச்சம் ஒருத்திதான். தனபாக்கியம்.